சாலை உயர உயர வீடு தாழ்கிறது

சென்னையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் எல்லோர் கண்ணும் வானத்தில்தான். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டதா, நாகைப் பக்கம் போகுமா ஆந்திராவுக்குப் போகுமா, மஞ்சள் எச்சரிக்கையா ஆரஞ்சா சிவப்பா, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா. நானும் விடிந்ததும் ராடார் படம் பார்க்கிற ஆள்தான். ஆனால் இந்தப் பதிவு தரையைப் பற்றியது, குறிப்பாகத் தெருவின் உயரத்தைப் பற்றியது. இந்த விஷயத்தில் நம் ஊர் போதுமான அளவுக்குக் கோபப்படுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நாங்கள் இருப்பது தென்சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேற்கே, தரைத்தளத்தில். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. வீடு கட்டிய காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வருவோம். இன்றைக்குத் தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே வருகிறோம். வீடு நின்ற இடத்தில்தான் நிற்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுத் தெரு மேலே வந்துவிட்டது.

ஒரு தடவை போடுகிற தார் நாலைந்து செ.மீ. கனம்தான் இருக்கும். போட்ட அன்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அடியில் ஜல்லி பரப்பினால் இன்னும் கொஞ்சம் ஏறும். குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை தோண்டுவார்கள், பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் பிறகு தெருவுக்கு ஒரு புது மேல்பூச்சு. இப்படியே பல தெருக்கள் ஓரடி, ஈரடி ஏறிவிட்டன. பழைய வீடுகளின் ஜன்னல் அடிக்கட்டை எங்கே இருக்கிறது, கேட்டின் கீழ்க் கீல் எங்கே புதைந்திருக்கிறது என்று பார்த்தாலே கணக்கு தெரிந்துவிடும்.

போன தடவை தார் போட வந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் ரோலருக்கு முன்னால் போய் நின்றார்.

“தம்பி, பழசைச் சுரண்டிட்டுப் போடுப்பா. போன மழைக்கே தண்ணி உள்ள வந்திடுச்சு.”

“எஸ்டிமேட்ல மில்லிங் இல்லீங்க ஐயா. போடச் சொன்னதைத்தான் நாங்க போடுறோம். நீங்க வாசப்படிய ஒரு கல்லு ஏத்திக் கட்டிக்குங்க,” என்றார் சூப்பர்வைசர்.

மில்லிங் என்றால் பழைய தாரை மெஷினால் சுரண்டி எடுப்பது. அவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். நாங்களும் அப்படித்தான் ஆளுக்கொரு கல் ஏற்றிக் கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

“மழை கூடிப்போச்சு, அதுக்குத் தெரு என்ன செய்யும்” என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னைக்கு ஆண்டுச் சராசரி மழை சுமார் 140 செ.மீ. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அந்த மூன்று மாதமும் அளவாகத் தூறிக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. சில கனமழைச் சுற்றுகளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அதுவும் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல், விடியற்காலையில். கடலிலிருந்து வரும் கீழைக்காற்றும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் தரைக்காற்றும் கரையோரத்தில் மோதிக்கொள்கிற நேரம் அது. ஊர் அசந்து தூங்கும்போது தண்ணீர் ஏறும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அப்படிப்பட்ட மழையை எந்தத் தெருவும் தாங்காது, மறுக்கவில்லை. நான் பேசுவது ஒரு ராத்திரியில் பெய்கிற சாதாரணப் பத்து செ.மீ. மழையைப் பற்றி. முன்பெல்லாம் அந்த அளவு மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுவார்கள், மறுநாள் வடிந்துவிடும். இப்போது அதே மழைக்குத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது.

எங்கள் பக்கத்து நில அமைப்பையும் சொல்லியாக வேண்டும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரத்துக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைக்கு என்று ஏரிக்கு ஏரி வழிந்து வரும் தண்ணீர் எல்லாம் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலைத் தொட வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம் என்கிறார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டது சுமார் 1,247 ஹெக்டேர். சுற்றிலும் குடியிருப்புகள், ஐ.டி. வளாகங்கள், குறுக்கே சாலைகள், பெருங்குடிக் குப்பைமேடு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது, கொந்தளித்த கடல் முகத்துவாரங்களில் தண்ணீரை வாங்கவே இல்லை. வந்த வெள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது. இவ்வளவு தட்டையான ஊரில் தண்ணீர் இந்த வீட்டுக்குள் போகுமா அந்த வீட்டுக்குள் போகுமா என்பதை அரையடி உயரம் முடிவு செய்துவிடும். அதனால்தான் நாலு செ.மீ. தாருக்கு இவ்வளவு பேசுகிறேன்.

தெரு உயர்ந்தால் வாசலில் தண்ணீர் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கொடுமையானது வீட்டுக்குள்ளிருந்து வரும் தண்ணீர். தெருவை உயர்த்தும்போது பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல் வாயையும் சேர்த்து உயர்த்துகிறார்கள். வீட்டுக் கழிப்பறை பழைய மட்டத்திலேயே இருக்கிறது. மழையில் சாக்கடைக் குழாய் நிரம்பினால் அந்தத் தண்ணீர் எங்கே வாய் தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் முதலில் பொங்கும். முன்பு தெரு மேன்ஹோலில் பொங்கியது, இப்போது எங்கள் கழிப்பறைக் கோப்பையில் பொங்குகிறது. வாசலில் ஒரு சொட்டு மழைத் தண்ணீர் வராத நாளில்கூடக் குளியலறை முழுக்கச் சாக்கடை நிற்கும். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இது என்ன பாடு என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் கதையும் அதுதான். சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கும். தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் குடிக்கிற தண்ணீர் போச்சு. வெள்ளம் வடிந்த பிறகு மொத்தத்தையும் இறைத்து, ஆள் இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். தெருவோர மின்சாரப் பெட்டியும் இருந்த இடத்திலேயே இருக்க, தெரு உயர்ந்ததில் அதன் அடி தண்ணீரில் நிற்கிறது. உயிர்ச்சேதம் வந்துவிடக் கூடாதே என்று கரண்டை நிறுத்துகிறார்கள், அது சரிதான். ஆனால் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, தண்ணீரை இறைக்க முடியாது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

இப்போது எங்கள் பகுதியில் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தி, வேலையாட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மூன்றடி நாலடி உயர்த்தி, அடியில் புதுச் சுவர் எழுப்புகிறார்கள். பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம், பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணம் எல்லாம் அதில் போகிறது. வீடு உயர்ந்ததும் காம்பவுண்டுக்குள் கட்டட இடிசல் கொட்டி நிரப்பி மேலே சிமென்ட், டைல்ஸ் போடுகிறார்கள். அந்த வளாகத்துக்குள் நின்றுகொண்டிருந்த தண்ணீர் எங்கே போகும்? தூக்காத வீட்டுக்குத்தான்.

பக்கத்து வீட்டு அக்கா வீட்டைத் தூக்கிய பிறகு வந்த முதல் பெருமழையில் எங்கள் கூடத்தில் தண்ணீர். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, “உங்க பக்கம் இவ்வளவு திரும்பும்னு நெனைக்கவே இல்லம்மா” என்று கண்கலங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டுக்குள் சாக்கடை வந்தது, அவர் செய்ய முடிந்ததைச் செய்தார். ஆனால் எல்லோரும் இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் தண்ணீரோடு மிஞ்சுவது யார்? தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டைத் தூக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடையாது, மேலே போய் ஒதுங்க மாடியும் கிடையாது. வெள்ளத்தைக் காரணம் காட்டி ஆற்றோரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ பேரைப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். அதுவும் இதே சதுப்பு நிலத்தின் ஓரம். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இடிசல் கொட்டி நிரப்பிய வளாகத்தில் மழைத் தண்ணீர் மண்ணுக்குள்ளும் போகாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரே தொட்டி தோண்டியது. இன்றைக்கு அந்தத் தொட்டிகள் எத்தனை டைல்ஸுக்கு அடியில் கிடக்கின்றனவோ. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது இதே ஊருக்குத்தானே.

2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் இல்லையா? மழை பயந்த அளவுக்கு வரவில்லை. உடனே மீம்ஸ் போட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்பது பல வருஷத் தவணை. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் பழுது எவ்வளவு பெரிதாகும் என்பதை 2015-லும் 2023-லும் இந்தப் பகுதி கற்றுக்கொண்டது. அந்த மேம்பாலத்தில் நின்ற வரிசை எனக்குப் பொறுப்பான மனிதர்களின் வரிசையாகத்தான் தெரிந்தது.

நாங்கள் வீட்டில் செய்து வைத்திருப்பவற்றையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கழிவுநீர்க் குழாயில், வீட்டிலிருந்து வெளியே மட்டும் தண்ணீரை விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு போட்டோம். செய்த வேலைகளிலேயே அதிகம் பலன் தந்தது அதுதான். ஆனால் மழைக்கு முன்னால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், குப்பை சிக்கினால் மூடாது. வால்வு இல்லாதவர்கள் கழிப்பறைக் கோப்பைக்குள் மணல் மூட்டையை அழுத்தி வைக்கலாம். சம்ப் வாயைச் சுற்றி இரண்டடிச் சுவர் எழுப்பி மேலே மூடி போட்டிருக்கிறோம். இன்வெர்ட்டர் பேட்டரி சுவரில் அடித்த ஸ்டாண்டில் இருக்கிறது. கீழ் மட்டத்து பிளக் பாயின்ட்டுகளை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மாற்றியாயிற்று. பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் பரண் மேல். தண்ணீர் ஏற ஆரம்பித்தால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள். வடிந்த பிறகு சுவர் ஓதம் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டுப் பெயின்ட் அடிக்காதீர்கள், பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

இத்தனையும் செய்தாலும் அடுத்த தார் அடுக்கு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சம்ப் சுவரை எவ்வளவுதான் உயர்த்துவது?

இதற்குத் தீர்வு ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய தாரை மெஷின் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்குப் புதுசு போட்டால் தெரு இருந்த மட்டத்திலேயே இருக்கும். சுரண்டிய தாரையும் ஜல்லியையும் மறுபடி பயன்படுத்தலாம். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதையே உத்தரவாக அனுப்பினார்: மேல்தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது. பெரிய சாலைகளில் மில்லிங் மெஷின் ஓடுவதைப் பார்க்கிறோம். குறுக்குத் தெருக்களில்தான் எஸ்டிமேட்டில் அது காணாமல் போகிறது. மெஷின் நுழையாது என்பார்கள். சின்ன மெஷின்களும் இருக்கின்றன, நுழையும்.

எங்கள் தெருவில் பொங்கல் கழித்துத் தார் வேலை என்று பேச்சு. இந்த முறை முன்கூட்டியே மனு கொடுத்துவிட்டோம், தூக்கிய வீட்டுக்காரர்களும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் கேட்டிருப்பது மூன்று: எஸ்டிமேட்டில் மில்லிங் இருக்க வேண்டும், மேன்ஹோல் வாயை உயர்த்தக் கூடாது, மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் துளைகளைத் தாரால் அடைக்கக் கூடாது. இன்றைய தெரு மட்டத்தை நான்கு வீட்டுச் சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம். வேலை நடக்கிற அன்று டேப்போடு தெருவில் நிற்கப் போகிறோம்.

உங்கள் குறுக்குத் தெருவில் மில்லிங் செய்துதான் போட்டார்கள் என்றால் எப்படிச் சாதித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், என்ன மெஷின் வந்தது என்று எழுதுங்கள். படம் இருந்தால் அனுப்புங்கள். “சின்னத் தெருவில் முடியாது” என்று சொல்பவர்களிடம் காட்ட எங்களுக்கு அது வேண்டும்.