அத்திக்காய் பாட்டு காய்கறிக் கணக்கு இல்லீங்க

நேத்து ராத்திரி குடும்ப குரூப்ல ஒரு ஃபார்வர்டு. அத்திக்காய் பாட்டுல எத்தனை காய் இருக்கு, சரியா சொன்னா நீங்க புத்திசாலின்னு. கீழே வரிசையா எண்ணிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. மிளகாய், சுரைக்காய், வெள்ளரிக்காய்... பாட்டுல காதலனை நினைச்சுப் பாடுற அந்தப் பொண்ணு நிலாகிட்ட என்னதான் சொல்றான்னு ஒருத்தராவது கேட்டாங்களா? வயிறு எரியுது.

1962ல வந்த ‘பலே பாண்டியா’ பாட்டு. கண்ணதாசன் அதுல காயை வினைச்சொல்லா வெச்சு விளையாடியிருக்கார். நிலா காயுது, வெயில் காயுதுன்னு இன்னைக்கும் சொல்றோமே, அந்தக் காய். அத்திக்காய்னா அத் திக்காய், அந்தத் திக்குல போய்க் காய். இத்திக்காய் காயாதே, இந்தப் பக்கம் காயாதே, நானும் உன்னைப் போல ஒரு பொண்ணுதானே. அவரைக்காய்னா அவரைக் காய்! கொற்றவரைக்காய்னு வரும்போது காதுல கொத்தவரங்காய்தான் விழும். ஆனா கொற்றவர்னா ராசா; அவ சொல்றது, என் ராசாவைப் போய்க் காய்னு. மிதிலையில ராமனைப் பார்த்த அன்னைக்கு ராத்திரி கம்பனோட சீதையும் இதே நிலாகிட்டதான் சண்டை போடுறா. பிரிஞ்சு தவிக்கிறவங்களை நிலா சுடும். அத்தனை காலத்துத் தவிப்பையும் ஒரு காய்க்குள்ள அடைச்சுக் கொடுத்திருக்கார் மனுஷன், நாம கூடையில போட்டு எண்ணிக்கிட்டிருக்கோம்.

எண்ணாதவங்க கதை கட்டுறாங்க. எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒரே கதைதான்: கவிஞர் காசு கேட்டுப் போனார், கையை விரிச்சுட்டாங்க, அழுதுக்கிட்டே வந்து எழுதினார். யார் சொன்னா, எங்க இருக்கு, ஒண்ணும் கிடையாது. ‘வனவாசம்’, ‘மனவாசம்’னு தன் கதையை அவரே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். அதைப் புரட்டக்கூட நேரமில்லை, அவர் பேர்ல புளுக மட்டும் நேரம் இருக்கு.

போன வாரம் அண்ணன் மக அதே குரூப்ல கேட்டா: “வீடு வரை உறவு பாட்டுல ‘காடு வரை பிள்ளை’ன்னு வருதே, பிள்ளை எதுக்குக் காட்டுக்குப் போகுது?” எவ்வளவு நல்ல கேள்வி! அதுக்கும் வந்து விழுந்தது அந்தக் கடன் கேட்ட கதைதான். எனக்குத் தாங்கலை. அவளைப் பக்கத்துல உக்காரவெச்சு, அது சுடுகாடு கண்ணுன்னு சொன்னேன். பட்டினத்தார் பாட்டை எடுத்துக் காட்டினேன். பொருளும் வாழ்வும் வீட்டோட சரி, பொண்டாட்டி வீதி மட்டே, தலையில கைவெச்சு அழற மகன் சுடுகாடு மட்டே, அதுக்கப்புறம் கூட வர்றது புண்ணிய பாவம்னு அவர் முடிக்கிறார். அதே அடுக்கைத்தான் கண்ணதாசன் ‘பாத காணிக்கை’ படத்துக்குக் கொண்டுவந்தார். ஆனா கடைசிப் படியில அந்தப் பதிலை எடுத்துட்டு, “யாரோ”ன்னு விட்டுட்டார். எனக்கு அந்தப் பாட்டோட உயிரே அந்த ஒரு சொல்லுதான்.

அவ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “தெரிஞ்ச பதிலை ஏன் அத்தை கேள்வியா மாத்தினார்?”னு கேட்டா. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம். இதை விட்டுட்டு அந்தக் கடன் கதையில உங்களுக்கு என்னங்க கிடைக்குது?