லீ சொல்லாமல் விட்டது

இளவயதுக் காதல் நகைச்சுவைப் படங்களின் இரண்டாம் பாகத்துக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. காதலர்கள் முதல் பாகத்திலேயே சேர்ந்துவிடுவதால், அவர்களைப் பிரிக்கப் புதிதாக ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘தி கிஸ்ஸிங் பூத் 2’ அதற்காக நாயகி எல்லின் காதலன் நோவாவை ஹார்வர்டுக்கு அனுப்பி, அங்கே க்ளோயி என்றொரு தோழியையும், இங்கே எல்லுக்கு மார்கோ என்றொரு நடனத் துணையையும் கொண்டுவருகிறது. கட்டிலுக்கு அடியில் கிடைக்கும் தோட்டை வைத்து வளர்க்கப்படும் சந்தேகக் கதை நாம் பலமுறை பார்த்ததுதான். என்னை உறுத்தியது எல்லுக்கும் நோவாவின் தம்பி லீக்கும் இடையிலான நட்பு.

இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அம்மாக்களும் உயிர்த்தோழிகள். நட்புக்கென்று எண் போட்டு விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாக்கள் படித்த பெர்க்லி பல்கலைக்கழகத்திலேயே தாங்களும் சேர்வதென்று சிறுவயதிலேயே முடிவு செய்திருக்கிறார்கள். இவ்வளவு விதிகள் இருந்தும், லீயின் வாழ்க்கையில் ரேச்சல் என்றொரு பெண் வந்த பிறகு அவளுக்கு எங்கே இடம் கொடுப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. தங்களுக்குக் கொஞ்சம் தனிமை வேண்டும் என்று எல்லிடம் எடுத்துச் சொல்லும்படி ரேச்சல் கேட்கிறாள். லீ சொல்வதில்லை, சொல்லிவிட்டதாக அவளை நம்பவும் விடுகிறான். அதன் பிறகு எல் அவர்களோடு சேர்ந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் ரேச்சலுக்கு அது வேண்டுமென்றே செய்வதாகப் படுகிறது. எல்லுக்கோ, தான் இடைஞ்சலாக இருப்பதே தெரியாது. தேங்க்ஸ்கிவிங் விருந்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது, ரேச்சலின் கோபம் மட்டுமே எனக்கு முழுக்க நியாயமாகத் தெரிந்தது.

ஆனால் திரைக்கதை லீயை மிக எளிதாக விட்டுவிடுகிறது. ரேச்சலிடம் மன்னிப்புக் கேட்டு, பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு எல்லின் தலையில் விழுகிறது. ஹார்வர்டுக்கு விண்ணப்பித்ததை அவள் மறைத்தது தவறுதான், மறுக்கவில்லை. அதைக் கேட்டுக் கொதிக்கும் லீ, தானும் ஒன்றை மறைத்தவன்தானே? இரண்டு பேரிடமும் நல்ல பெயர் வாங்க நினைத்து இருவரிடமும் மழுப்பிய நாட்கள் எனக்கும் உண்டு என்பதால், அந்தக் கோழைத்தனத்தை நல்ல மனசு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

படத்தில் எனக்குப் பிடித்த ஒரு முரணையும் சொல்ல வேண்டும். தானும் லீயும் வெறும் நண்பர்கள் என்பதை உலகமே கேள்வியின்றி ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் எல், நோவாவும் க்ளோயியும் அப்படி இருக்கக்கூடும் என்பதை மட்டும் நம்ப மறுக்கிறாள். உண்மையில் அவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் நட்பாக மட்டும் இருக்க முடியும் என்பதை இந்த வகைப் படமொன்று இரண்டு முறை சொல்வது அபூர்வம். அந்த இடத்தில் கதை இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்பதற்காக அல்லாமல், லீயைப் பற்றிய பேச்சே இல்லாமல், எல்லும் ரேச்சலும் சும்மா உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் ஒரு காட்சிக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். 50,000 டாலர் பரிசுக்கான நடனப் போட்டிக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கிய படத்தில் அதற்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.