ஐயாயிரம் ரேண்டை வைத்து வீட்டு வாடகை

போன வாரம் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் தெரிந்த பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "அண்ணா, ஐயாயிரம் ரேண்ட் போட்டு ஃபாரெக்ஸ் கணக்கு திறந்தேன். மூணே வாரத்துல காலி. பெரிய கணக்கா இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன் இல்ல?"

ஃபாரெக்ஸ் என்றால் நாணயங்களை வாங்கி விற்கும் வியாபாரம். அவன் சொன்னது பாதி சரி. மீதியைச் சொல்வதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2015 டிசம்பரில் அன்றைய அதிபர் ஜூமா தன் நிதியமைச்சர் நேனேயை நீக்கியதும் ரேண்ட் விழுந்தது ஞாபகம் இருக்கும். இதற்கு மேல் எங்கே விழப்போகிறது என்ற தைரியத்தில் 8,000 ரேண்டோடு நானும் இறங்கினேன். ஜனவரியில் டாலர் 16.30 ரேண்ட் பக்கம் நின்றபோது, அது இறங்கும் என்று நம்பி, தரகர் தரும் கடன் பலத்தில் 10,000 டாலர் விற்றேன். டாலர் இறங்கினால் லாபம், ஏறினால் நஷ்டம். கையில் எட்டாயிரம், தூக்கிய பாரமோ ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரம். 2016 ஜனவரி 11, திங்கள். டர்பன் தூங்குகிறது, ஆசியச் சந்தை இப்போதுதான் கண் விழிக்கிறது, ஜப்பானில் அன்று விடுமுறை, வாங்க விற்க ஆள் குறைவு. சில நிமிடங்களில் டாலர் 17.90 வரை எகிறியது. விடிவதற்குள் பெரும்பகுதி இறங்கியும் விட்டது. என் பணம்தான் திரும்பவில்லை. ரேண்ட் வாங்கி வைத்திருந்த ஜப்பானியச் சில்லறை ஆட்களின் கணக்குகள் மார்ஜின் (ஈடாக வைக்கும் பணம்) போதாமல் வரிசையாக மூடப்பட்டதும் ஒரு காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். என்னைப் போன்ற சின்னக் கணக்குகளே சேர்ந்து என்னைக் கவிழ்த்திருக்கின்றன!

இதே வியாபாரத்தை இரண்டு லட்சம் வைத்திருந்தவர் செய்திருந்தால், அந்த மோசமான நிமிடத்தில் நஷ்டம் 16,000, அதாவது 8 சதவீதம். காலையில் எழுந்து காபி குடித்துவிட்டுப் பார்த்திருப்பார். பையன் சொன்னதில் இதுவரை சரி.

ஆனால் நான் 1,000 டாலர் மட்டும் விற்றிருக்கலாமே? உச்சத்தில் 1,600 ரேண்ட் பள்ளம், கணக்கு பிழைத்திருக்கும். ஏன் விற்கவில்லை? டாலர் 10 சென்ட் இறங்கினால் 1,000 டாலருக்கு லாபம் 100 ரேண்ட். 10,000 டாலருக்கு ஆயிரம். நூறு ரேண்டுக்கா ராத்திரி முழுக்க சார்ட்டைப் பார்ப்பது என்று தோன்றியது. அவ்வளவுதான் விஷயம். சந்தை என்னைப் பெரிய லாட் (வியாபார அளவு) போடச் சொல்லவில்லை. என் வாடகை சொன்னது.

ஐயாயிரத்தில் மாதம் 3 சதவீதம் எடுப்பவன் கெட்டிக்காரன். வருஷம் முழுக்க அப்படி எடுத்தால் பெரிய ஃபண்ட் மேனேஜர்களே திரும்பிப் பார்ப்பார்கள். கையில் வருவது மாதம் 150 ரேண்ட். இரண்டு பேர் மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு) சாப்பிட்டால் தீர்ந்தது. இந்த 150ஐ 5,000 ஆக்க நினைக்கும் இடத்தில்தான் 1:500 லெவரேஜ், அதாவது ஒரு ரேண்டை வைத்து ஐந்நூறு ரேண்ட் பாரம் தூக்க விடும் கடன், சிரித்துக்கொண்டு நிற்கும்.

சின்னக் கணக்குக்கு நிஜமான இடைஞ்சலும் உண்டு, மறுக்கவில்லை. தங்கத்தை எடுங்கள். மிகச் சிறிய 0.01 லாட் என்பதே ஒரு அவுன்ஸ். ஒரு வியாபாரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கமாட்டேன் என்றால் ஐயாயிரத்துக்கு 50 ரேண்ட். டாலர் 18 ரேண்ட் என்று வைத்தால் மூன்று டாலருக்கும் கீழே. தங்கம் அந்த மூன்று டாலரை நாம் தும்முவதற்குள் தாண்டிவிடும். ஒழுக்கமாக இருக்க நினைத்தாலும் சட்டை அந்த அளவில் தைக்கப்படவில்லை. சார்ட்டுக்கும் டேட்டாவுக்கும் மாதம் 100 ரேண்ட் கட்டினால் அதுவே வருஷத்துக்கு 24 சதவீதம். பங்குகளில் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. 2014இல் ஈஸிஈக்விட்டீஸ் என்ற இணையப் பங்குத் தளம் வந்தபிறகு ஒரு பங்கின் துண்டைக்கூட வாங்கலாம்.

பெரிய கணக்குக்காரருக்கு வேறு தலைவலி. கிளேர்வுட் மொத்தச் சந்தையில் இரண்டு பெட்டி தக்காளி வாங்குகிறவரை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு லாரி கேட்டுப் பாருங்கள், கேட்கும்போதே விலை ஏறும். விற்க வந்தால் இறங்கும். 2021இல் ஆர்க்கீகோஸ் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது, விற்று வெளியேறும் வாசல் அதற்குச் சிறியதாகிவிட்டது, கடன் கொடுத்த கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மட்டும் 550 கோடி டாலர் அடி. கணித மேதை ஜிம் சைமன்ஸின் மெடாலியன் என்ற முதலீட்டு ஃபண்ட் வெளியாரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தன்னைச் சிறியதாகவே வைத்துக்கொண்டது. வாரன் பஃபெட் 1999இல் சொன்னதும் அதுதான்: பத்து லட்சம் டாலர் மட்டும் இருந்தால் வருஷம் 50 சதவீதம் எடுப்பாராம். நம் கையில் இருப்பது அவர் ஏங்கிய சௌகரியம். நாமோ லெவரேஜ் போட்டு அதையும் கெடுத்துக்கொள்கிறோம்.

நேற்று பையனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரிண்ணா, அப்போ ஸ்டாக்வெல் சீட்டுல எனக்கு டிசம்பர் முறை வருது, இருபதாயிரம். அதைப் போடட்டுமா?"

அவன் அம்மாவிடம் பேச வேண்டும்.