ரெண்டாவது மைல் எங்கய்யா முடியுது?

வேலைக்குப் போக வர என் வண்டியில பின்னாடி உக்காந்து வர்ற மனுஷன் வெறுங்கையோட ஏறினாலே என் எக்ஸெல் மொபெட் முக்கிக்கிட்டுதான் போகும். இன்னைக்கு சாயங்காலம் மனுஷன் கிரேடோட, அதாவது காய்ப் பெட்டியோட வந்து நிக்கிறாரு. பெங்களூரா மாங்காய், முழு கிரேட், 20 கிலோவுக்குக் குறையாது. எங்க கம்பெனி கேட் வெளியில ராத்திரியெல்லாம் டிராக்டரோட காத்துக்கிடக்கிற விவசாயிகிட்ட சும்மா வாங்கினதா, காசு கொடுத்ததா, அது தனிப் பஞ்சாயத்து.

"தம்பி, இதை முன்னால வச்சுக்கலாம்ல?"

கேக்கும்போதே வச்சாச்சு. என் ரெண்டு காலும் எங்க போகும்னு கேக்கணும்னு தோணல.

நான் பொய் சொன்னேன். ஆமா, காலையில ஜெபம் பண்ணிட்டு வேலைக்கு வர்ற நான், நாக்கு கூசாம சொன்னேன்: "பின் டயர்ல காத்து இல்லண்ணா." மனுஷன் குனிஞ்சாரு. டயரை அமுக்கிப் பாத்தாரு. ரெண்டு தடவை. அப்புறம் நிமிர்ந்து, ஒரு வார்த்தை பேசாம, நான் வேலை பாக்குற எடைமேடை (வண்டியை லோடோட எடை போடுற மேடை) கேபின் சுவரைக் கை காட்டினாரு. அங்க தொங்குறது எங்க சபையில கொடுத்த பைபிள் வசனக் காலண்டர். தினம் ஒரு தாள். ஜனவரி மாசம் அதை ஆணி அடிச்சு மாட்டினது யாரு? நானேதான். நாலு பேருக்குச் சாட்சியா இருக்கட்டும்னு!

"இன்னைக்கு என்ன போட்டிருக்கு பாத்தியா? ஒரு மைல் கூப்பிட்டா ரெண்டு மைல் போகச் சொல்லுது உங்க சாமி. நீ என்னடான்னா டயரைச் சொல்ற."

ஞாயிறு பள்ளி மனப்பாட வசனப் போட்டியில எவர்சில்வர் டம்ளர் ஜெயிச்சவன் நான். பதில் வரல.

இப்ப வருது. வீட்டுக்கு வந்து, குளிச்சு, சோறு தின்னப்புறம் வண்டி வண்டியா வருது. கேளுங்க.

மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல வர்ற மைல் ரோமன் மைல். ஆயிரம் தப்படி, அதாவது வலது கால் வச்சு மறுபடி வலது கால் வைக்கிற வரைக்கும் ஒரு தப்படின்னு கணக்கு. நம்ம அளவுல சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ரெண்டு மைல்னா மூணு. மூணே மூணு கிலோமீட்டர்! இவரை அவர் வீடு இருக்கிற பழையபேட்டையில இறக்கிட்டு நான் திரும்பி என் வழிக்கு வந்து சேர மீட்டர்ல ஏழு ஓடுது. மிச்சம் நாலு கிலோமீட்டருக்கு எந்த ஆகமம்? பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டினது எந்த நிருபத்துல இருக்கு?

அந்த வசனம் யாரைச் சொல்லுது? ரோமச் சிப்பாயை. வழியில போறவனை நிறுத்தி, என் மூட்டையைத் தூக்குடான்னா தூக்கித்தான் ஆகணும். சிரேனே ஊர் சீமோனை இயேசுவோட சிலுவையைச் சுமக்கப் பிடிச்சு இழுத்தாங்களே, மூல கிரேக்க மொழியில ரெண்டு இடத்துக்கும் ஒரே வார்த்தைதான். சரி, சிப்பாய்கிட்ட ஈட்டி இருந்துச்சு, பின்னால ஒரு சாம்ராஜ்யம் இருந்துச்சு. இவர்கிட்ட என்ன இருக்கு? டிபன் கேரியர் இருக்கு. அந்தச் சிப்பாயும் கூட நடந்துதான் வந்திருப்பான். தோள்மேல உக்காந்துக்கிட்டு "ஏன் தம்பி இவ்வளவு மெதுவா போற"ன்னு கேட்டிருக்க மாட்டான்!

வயித்தெரிச்சல் தாங்காம கிளம்பும்போது வண்டியை எடைமேடை மேலயே ஏத்தினேன். எங்க மேடை பத்துப் பத்தாத்தான் காட்டும். 250 கிலோ காட்டுச்சு. லோடு எடை போட்டாச்சு, இனி எம்ட்டி எடை போடணும்னா அவரை இறக்கணும். அதுதான் நடக்கலையே.

அப்புறம் பயணம். கேட்ல இருந்து சர்வீஸ் ரோடு வரைக்கும் நான் காலை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு, தவளை மாதிரி. முதல்ல மெடிக்கல்ல நிறுத்தினோம். அடுத்து கறிவேப்பிலை. அஞ்சு ரூபா கறிவேப்பிலைக்குக் கொசுறா கொத்தமல்லி வாங்க எட்டு நிமிஷப் பேச்சுவார்த்தை. அடுத்து டீ. குடிச்சது ரெண்டு பேரு, சில்லறை இல்லாதது அவருக்கு. நம்ம கிருஷ்ணகிரியைத்தான் தெரியுமே, பெங்களூருக்குப் போறவன், சென்னைக்குப் போறவன், சேலத்துக்குப் போறவன் எல்லாரும் நம்மைத் தாண்டித்தான் போவான். ரவுண்டானாகிட்ட வரும்போது முதுகுல தட்டுறாரு. "தம்பி, ஒண்ணு விழுந்துடுச்சு." விழுந்தா விழட்டுமேண்ணா! "நல்ல காய்ப்பா." நான் இறங்கி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஓடி, ஒரு மாங்காயைப் பொறுக்கிட்டு வந்தேன். பஸ் டிரைவர் என் அம்மாவை விசாரிச்சாரு. இவரு வண்டியை விட்டு இறங்கவே இல்ல.

எனக்கு எரிச்சல் எங்கன்னா, வேலையில நான் ஒண்ணும் மோசமானவன் இல்ல. எடைமேடையில உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியும், லோடு எடைக்கும் எம்ட்டி எடைக்கும் நடுவுல எத்தனை விதமா கை வைக்கலாம்னு. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; நீதிமொழிகள் பதினொண்ணு, ஒண்ணு. மேடையில வண்டி ஏறும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். வருஷா வருஷம் தொழிலாளர் துறையில இருந்து வந்து முத்திரை போட்டுட்டுப் போவாங்க, அப்ப அதே வசனத்துல வர்ற "சுமுத்திரையான நிறைகல்"னு நானே எனக்குள்ள சொல்லிக்குவேன், கொஞ்சம் பெருமையாவே. டன் கணக்குல சோதனை வந்தாலும் நிக்கிறேன். ஆனா அஞ்சு ரூபா கறிவேப்பிலையில விழுந்துடுறேன். எட்டு நிமிஷத்துக்குள்ள மனசுல ஒரு மனுஷனை மூணு தடவை கொன்னுட்டேன், அதுவும் அதே அஞ்சாம் அதிகாரம் காரணமில்லாமக் கோபிக்கிறவனைப் பத்தி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சே. இருபத்திரண்டாவது வசனம். அதுக்கு எனக்கு டம்ளர் கொடுத்தாங்க.

காரணமில்லாமங்கிறதுதான் எனக்கு ஒரே ஆறுதல். என்கிட்ட காரணம் இருக்கு. கிரேட் சைஸ்ல இருக்கு.

வீட்டு வாசல்ல இறங்கினாரு. கிரேடையும் நானே இறக்கினேன். "இந்தாப்பா, வீட்டுல ஊறுகா போடச் சொல்லு"ன்னு ரெண்டு காய் எடுத்துக் கொடுத்தாரு. ஒண்ணு உருண்டு பக்கவாட்டுல நசுங்கியிருந்துச்சு. எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு திருப்பிப் பாத்தேன். ரவுண்டானா மண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நடு ரோட்டுல, தனியா, ஹெல்மெட்டுக்குள்ள. அவரும் எதுக்குன்னே தெரியாமச் சிரிச்சாரு. சந்தோஷமா கொடுத்தேன், சந்தோஷமா வாங்கிக்கிட்டான்னு நினைச்சிருப்பாரு, பாவம்.

வசனத்தோட இது முடியுமான்னா முடியாது. இந்த வாரம் காலண்டர்ல வரிசையா அடுத்தடுத்த வசனமா போட்டுக்கிட்டு வர்றாங்க. நாளைக்குத் தாளை லேசாத் தூக்கிப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன். உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே. இவரு ரெண்டு நாளா மச்சினிச்சி கல்யாணச் செலவைப் பத்திப் பின்னாடி உக்காந்துக்கிட்டுப் பேசிக்கிட்டே வர்றாரு.

நாளைக்குக் காலையில அவர் கண்ணுல படுறதுக்கு முன்னால போய் அந்தத் தாளைக் கிழிச்சுடணும். எப்படி முன்னால போறது? அவரைக் கூட்டிக்கிட்டுத்தானே போகணும்.