என்டர் தட்டும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும்

டேட்டாபேஸ் பார்க்கிறவனுக்குப் பயம் இருக்கக்கூடாது என்று நம்ம துறையில் பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவே மாட்டேன். பயமே வராமல், பாவனையாளர்கள் பாவிக்கும் நிஜ டேட்டாபேஸான புரொடக்‌ஷனில் டிலீட் (அழிக்கும் கட்டளை) அடிக்கிற ஒருவரிடம் என்னுடைய டேட்டாவை நான் கொடுக்கமாட்டேன்.

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டிலிருந்து கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். பாவனையாளர் குறைவு என்பதால் பெரிய மாற்றங்களை நடுச்சாமத்தில்தான் செய்யச் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மார்கழி மழை என்றால் கரண்டையும் நம்ப முடியாது, லைனையும் நம்ப முடியாது. அதனால் நீளமான ஆல்டர் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) எதுவாக இருந்தாலும் சேர்வரிலேயே டிமக்ஸ் என்ற கருவியைத் திறந்து அதற்குள் ஓடவிடுவேன், லைன் அறுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓட்டோகொமிட், அதாவது ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிரந்தரமாக்குவது (கொமிட்), இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வேர் (WHERE, எந்த வரிகள் என்று சொல்லும் நிபந்தனை) இல்லாத டிலீட் ஒன்று போனால் போனதுதான், பிறகு ரோல்பேக் (மாற்றத்தைத் திருப்பும் கட்டளை) அடித்துப் பிரயோசனமில்லை. கொமிட் சொல்லும்வரை காத்திருக்க வைக்கும் பிகின் போட்டுத் தொடங்கினாலும் ட்ரொப் (டேபிளையே நீக்குவது), ட்ரங்கேட் (டேபிளை வெறுமையாக்குவது), ஆல்டர் எல்லாம் அங்கே தாமாகவே கொமிட் ஆகிவிடும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் என்றால், பிகின் போட்டிருந்தால் இவற்றையும் கொமிட் கொடுக்கும்வரை திருப்பலாம். பயம் இருக்கிறபடியால்தான் அதே வேரை வைத்து முதலில் செலக்ட் கவுண்ட் போட்டு எத்தனை வரிகள் என்று பார்க்கிறோம், எந்த சேர்வரில் நிற்கிறோம் என்று ஹோஸ்ட்நேமும் அடித்துப் பார்க்கிறோம்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் என்ற கோட் சேமிப்புத் தளத்தில் ஒரு பொறியியலாளர், ரெப்ளிகாவில் (டேட்டாபேஸின் நகல் இருக்கும் சேர்வரில்) அழிக்கவேண்டிய டைரக்டரியைப் பிரதான சேர்வரில் அழித்துவிட்டார். ஓரிரண்டு செக்கனில் கண்டு நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. எல்லாரும் அந்த மனிதரின் கையைத்தான் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது மற்ற விஷயத்தில்: பேக்கப் எடுக்கிற பிஜிடம்ப் என்ற கருவி பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு, ஆகவே பேக்கப் ஓடவே இல்லை, அதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியியலாளர் வேறொரு வேலைக்காக 6 மணித்தியாலத்துக்கு முன் கையால் எடுத்துவைத்திருந்த ஒரு ஸ்னப்ஷொட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்).

நம்ம நாட்டுக் கதையும் இருக்கிறதே. 2023இல் அரச மின்னஞ்சல்கள் இருந்த லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன, அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை.

ஆகவே கொம்பனிகளிடம் நான் கேட்பது இதுதான். "பேக்கப் இருக்கு" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். கடைசியாக எப்போது ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நடுச்சாம வேலைக்கு இரண்டாவது ஆள் ஒருவரை அழைப்பிலாவது வையுங்கள், அவருக்கும் சம்பளம் கொடுங்கள். ஒரு பிள்ளையைத் தனியே இருத்திவிட்டு, விடிந்ததும் "கவனமாகச் செய்திருக்கலாமே" என்று கேட்பது அநியாயம்.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்த வேலையைத் தனியே செய்கிற தம்பி தங்கச்சிமார் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாங்கோ. டேட்டா எதுவும் அனுப்பவேண்டாம், டேபிள் பெயர்களையும் மாற்றிவிட்டுக் கட்டளையை மட்டும் அனுப்புங்கோ. முழித்திருந்தால் பார்த்துச் சொல்வேன்.