வேகம் சரி, எந்தப் பக்கம் ஓடுகிறார்கள்?

அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறும் செயலிகளை ஒப்பிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். மாதாமாதம் வரும் புதிய வசதிகளை எண்ணி, மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் ஓடுகிறது, அதன் போட்டியாளரான ஸ்லாக் நொண்டுகிறது என்கிறது அந்தக் கட்டுரை. எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும். ஆனால் 2017இல் வந்த டீம்ஸ் பரவியதற்கு வசதிகளா காரணம்? வேர்ட், எக்செல் எல்லாம் வரும் ஆபீஸ் 365 சந்தாவோடு சேர்த்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதை எதிர்த்து 2020இல் ஸ்லாக், ஐரோப்பிய ஒன்றியத்தில் நியாயமான வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஐரோப்பிய ஆணையத்திடம் புகாரே கொடுத்தது.

ஸ்லாக்கின் திசையும் எனக்குப் பிடிக்கவில்லை. 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனபின் 2022இல் இலவசக் கணக்கில் கடைசி 90 நாள் செய்திகள் மட்டும் என்றார்கள். முன்பு 10,000 செய்திகள் வரை தேடலாம். எங்களைப் போன்ற ஆறு பேர் குழுவுக்கு அது பல மாதக் கணக்கு. பழைய முடிவு ஒன்றைத் தேடினால் இப்போது பூட்டுதான் தெரிகிறது.

கட்டுரை ஒரு வரியில் தாண்டிய ஜூலிப் என்ற இன்னொரு செயலியைப் பாருங்கள். 2015இல் திறமூலமானது, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்புக்குக் கீழே வரும் என்ற ஒரே யோசனையை இன்றுவரை விடவில்லை. தோற்றம் கொஞ்சம் பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நாள் விடுப்பு முடிந்து வந்தாலும் எனக்கு வேண்டிய தலைப்பை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்க முடிகிறது. டீம்ஸில் அன்று காலை முழுக்க மேலே மேலே உருட்டிக்கொண்டே இருப்பேன்.