கொம்பு ஊதிய கதையை விட்டுவிட்டீர்களே!

பணி ஓய்வுக்குப் பல மொழிகளில் உள்ள சொற்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஸ்பானியர்கள் பணி ஓய்வை ‘ஹுபிலாசியோன்’ என்கிறார்கள், லத்தீனில் ஆனந்தக் கூச்சலிடுவதைக் குறிக்கும் வினையே அதன் வேர் என்று கட்டுரை நிறுத்திக்கொள்கிறது. அது பாதிக் கதைதான்.

எபிரேயத்தில் ‘யோபேல்’ என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. கொம்பூதி அறிவிக்கப்பட்ட 50-ஆம் ஆண்டுக்கும் அதுவே பெயர். விவிலியத்தில் லேவியராகமம் என்னும் நூலின் 25-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: அந்த ஆண்டில் அடிமைப்பட்டவர் வீடு திரும்புவார், விற்ற நிலமும் பழைய குடும்பத்துக்கே போகும். விவிலியம் லத்தீனுக்குப் போனபோது, ஒலி ஒன்றுபோல இருந்ததால் கொம்பும் கூச்சலும் கலந்துவிட்டன. நம்மூர் ஜூபிலி கொண்டாட்டங்களும் இந்த வம்சம்தான். ஆகவே ஸ்பானியச் சொல்லில் சந்தோஷத்தோடு விடுதலையும் இருக்கிறது. எனக்கென்னவோ விடுதலைதான் பெரிதாகப் படுகிறது.

பிரெஞ்சில் படை பின்வாங்குவதற்கும் பணி ஓய்வுக்கும் ஒரே சொல், ‘ரெத்ரெத்’. பாவம்! ஜெர்மானியரின் ‘ரூஹெஷ்டாண்ட்’ வெறும் ‘ஓய்வு நிலை’. அலுவலக வாடை அடிக்கிறது. பின்லாந்துக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். ஓய்வூதியத்துக்கான அவர்களுடைய ‘எலாகே’, ‘வாழ்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. பென்ஷனுக்கு லத்தீன் வேர் ‘எடை போடுதல்’: பணத்தை நிறுத்துக் கொடுத்த காலத்துச் சொல். அடுத்த பகுதியில் போர்த்துகீசியத்தையும் எழுதுங்கள். போர்ச்சுகலில் ஒரு சொல், பிரேசிலில் வேறு சொல்.